இமை அழற்சிக்கு வெந்நீர் ஒத்தடம்: கண்ணைச் சுட்டுக்கொள்ளாமல் செய்வது எப்படி (சேலம், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு)

இமை ஓரம் சிவந்திருக்கிறது, காலையில் எழுந்தால் இமைமுடியோடு பீளை ஒட்டிக்கொள்கிறது, நாள் முழுக்க மணல் விழுந்த மாதிரி கரகரவென்று உறுத்துகிறது என்று கண் மருத்துவரிடம் போயிருப்பீர்கள். அவர் சீட்டில் ‘பிளெஃபரைட்டிஸ்’ (இமை அழற்சி) என்று எழுதி, சொட்டு மருந்துக்குக் கீழே ‘வெந்நீர் ஒத்தடம், இரண்டு வேளை’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், எந்தத் துணி, யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் அதையெல்லாம் நின்று விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. எனக்கும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. மற்றதையெல்லாம் கேட்டுக் கேட்டும், அளந்து பார்த்தும்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, இந்த நோயோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துபவள். வாரத்தில் பாதி நாள் வேலைக்காக ஏற்காட்டில், மீதி நாள் சேலத்தில் வீட்டில். அந்த இரண்டு ஊர் வாழ்க்கையால்தான் இந்தக் கட்டுரையின் நான்காவது பகுதி உண்டானது. நேரமில்லாதவர்கள் அதையும் கடைசிப் பகுதியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. ஒத்தடத்துக்கு முன்னால், நோய் இதுதானா என்று பாருங்கள்

கண் சிவந்தால் ஒத்தடம் என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எல்லாச் சிவப்புக்கும் சூடு ஆகாது. கண் அரித்து அரித்துச் சிவந்தால் பெரும்பாலும் அலர்ஜி. அதற்குக் குளிர்ந்த ஒத்தடம்தான் இதமாக இருக்கும். மெட்ராஸ் ஐ என்றால் அது தொற்று, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இமை ஓரத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டு வரும் நாள்பட்ட அழற்சிக்கும், கண் கட்டிக்கும்தான் வெந்நீர் ஒத்தடம் சரியான மருத்துவம்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளியாகப் பார்க்கப் பணம் கிடையாது. காலையில் சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், மதியம் போனால் வீணாகத் திரும்ப வேண்டியிருக்கும். தனியாரிடம் போனால் ஆலோசனைக் கட்டணம் எனக்கு 300 முதல் 600 ரூபாய் வரை ஆகியிருக்கிறது. ஏற்காட்டில் இருப்பவர்கள் கீழே இறங்கி வருவதற்கே அரை நாள் போய்விடும் என்பதால், ஒரே தடவையில் வேலை முடிகிற மாதிரி கையோடு சிலவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள்:

- பழைய சீட்டுகள், இப்போது போடும் சொட்டு மருந்துப் புட்டிகள் (பேர் நினைவில்லாவிட்டாலும் புட்டியைக் காட்டலாம்)
- கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் அதன் டப்பா
- வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், அது இமைச் சுரப்பிகளை வறளச் செய்யும்
- சர்க்கரை இருந்தால் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு
- காலையில் எழுந்தவுடன், முகம் கழுவுவதற்கு முன், போனில் எடுத்த இமையின் படம்

அந்தப் படம் முக்கியம். மருத்துவர் பார்க்கும் நேரத்துக்குள் முகம் கழுவி, பீளையெல்லாம் போய், இமை பளிச்சென்று ஆகிவிடும். காலையில் எடுத்த படத்தைக் காட்டினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளிநோயாளியாகப் பார்ப்பதற்கும் சொட்டு மருந்துக்கும் அது பயன்படாது.

மருந்துக்கடையில் ‘கண் சிவந்திருக்கு’ என்று மட்டும் சொல்லிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வந்துவிடலாம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், மனசும் குளிரும். மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

2. கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாதவர்கள்

கீழே சொல்லும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒத்தடம் கொடுக்கலாமா, கொடுத்த பிறகு இமையை அழுத்தி விடலாமா என்று மருத்துவரிடம் இரண்டு தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். முதலாவதற்கு ‘சரி’ என்று சொல்லி, இரண்டாவதற்கு ‘கூடாது’ என்று சொல்ல வாய்ப்புண்டு.

கண்புரை, லேசிக், கண் அழுத்தம் என்று எந்த அறுவை சிகிச்சையாவது சமீபத்தில் செய்துகொண்டவர்கள். கண் அழுத்தத்துக்கு அறுவை செய்தவர்கள், அது பழசாக இருந்தாலும் கேட்க வேண்டும். கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள். முகத்தில் அக்கி வந்து கண்ணைத் தொட்டுவிட்டுப் போனவர்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கருவிழியில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பல வருடமாகச் சர்க்கரை இருந்து கை மரத்துப் போகிறவர்கள், சூடு எவ்வளவு என்று அவர்கள் கை சரியாகச் சொல்லாது. சூடு பட்டாலே முகம் சிவந்து எரிகிற ரோசேசியா உள்ளவர்கள்.

குழந்தைகளுக்கு நீங்களாக ஆரம்பிக்கவே வேண்டாம். அவர்கள் தோல் இன்னும் மெல்லியது, ‘சுடுது’ என்று சொல்வதற்குள் சிவந்துவிடும்.

3. வாங்கி வைக்க வேண்டியவை

அதிகம் ஒன்றும் இல்லை. மெல்லிய பருத்தித் துணி நான்கு. பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தாலே போதும். சொரசொரப்பான டர்க்கி துண்டு வேண்டாம், இமைத் தோலை உராயும், நூல் பிசிறும் கண்ணுக்குள் போகும். மூடி போட்ட ஹாட்பாக்ஸ் ஒன்று, இட்லி வைக்கிற சின்ன அளவே போதும். அப்புறம் சமையலறைத் தெர்மாமீட்டர்.

தெர்மாமீட்டரைத் தள்ளிப் போடாதீர்கள். நீளமான கம்பி முனையோடு, ஆன்லைனில் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பாலுக்கோ எண்ணெய்க்கோ என்று சொல்லி விற்பார்கள், அதுவே போதும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, பெரும்பாலும் 42, 43 டிகிரியோடு நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு என்று காட்டாது. பாதரசத் தெர்மாமீட்டரை வெந்நீரில் விடவே கூடாது, உடையும். வாங்கினதும் டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாம் தேடும் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் என்பது ஃபாரன்ஹீட்டில் 104 முதல் 113.

4. சூடு: எல்லாம் இதில்தான் இருக்கிறது

மேல் இமையிலும் கீழ் இமையிலும், இமைமுடிக்கு உள்பக்க ஓரத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மெய்போமியன் சுரப்பி என்று பெயர். மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் மேலே படர்ந்து காக்கிறது. நல்ல நிலையில் அந்த எண்ணெய் உடம்புச் சூட்டிலேயே இளகி ஓடும். நோய் வந்துவிட்டால் மார்கழி மாத நெய் மாதிரி கெட்டியாகி வாயை அடைத்துக்கொள்ளும். அதை இளக்க இமையின் உள்பக்கம் 40 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், சில நிமிடம் அந்தச் சூடு நிற்கவும் வேண்டும்.

மேலே உள்ள எல்லை 45 டிகிரி. அதற்கு மேல் போனால் தோலுக்குப் பாதிப்பு ஆரம்பிக்கும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் சாதாரணத் தோலையே ஐந்து விநாடி அளவில் ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரிக்கு சில நிமிடங்கள் ஆகும். இமைத் தோலோ உடம்பிலேயே மிக மெல்லியது. கீழே போனால் பயன் இல்லை, மேலே போனால் ஆபத்து, நடுவில் இருப்பது ஐந்தே டிகிரி. கையை விட்டுப் பார்த்து இந்த ஐந்து டிகிரியைப் பிடிக்க முடியாது. அதுவும் தினமும் அடுப்படியில் சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்கிப் பழகியவர்களின் விரல் 50 டிகிரியைக்கூட ‘வெதுவெதுப்பு’ என்றுதான் சொல்லும்.

‘ஒரு டம்ளர் கொதித்த தண்ணீருக்கு மூன்று டம்ளர் பச்சைத் தண்ணீர்’ என்று ஒரு கணக்கைப் பலரும் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நம் பக்கத்திலேயே அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள்.

சேலத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். மார்கழியில் குடத்துத் தண்ணீர் 25 டிகிரி இருந்தால், ஒன்றுக்கு மூன்று கலந்தால் 43, 44 வரும். நல்ல சூடு. சித்திரையில் அதே குடத்துத் தண்ணீர் 32 டிகிரி இருக்கும். அதே ஒன்றுக்கு மூன்று இப்போது 49 ஆகிவிடும். இதில் மதியம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரைப் பிடித்துக் கலந்தால் 50-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் அந்தத் தண்ணீரே வெயிலில் வெந்துதான் இறங்குகிறது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி இருந்தால், அதே ஒன்றுக்கு மூன்று வெறும் 35 டிகிரிதான். அந்தத் துணியை எத்தனை நேரம் வைத்தாலும் சுரப்பிக்குள் இருக்கும் எண்ணெய் அசையாது. ஏற்காட்டுக் குளிருக்கு ஒன்றுக்கு இரண்டு கலந்தால்தான் 41, 42 வருகிறது. மேலே பழகிய அந்த ஒன்றுக்கு இரண்டைக் கீழே வந்து சித்திரையில் கலந்தால் 54 டிகிரி. ஒரே கை, ஒரே டம்ளர், ஆனால் இமை வெந்துபோகும். வாரக் கடைசியில் மலைக்குப் போய்வருபவர்கள், சேலத்தில் இருந்து ஏற்காட்டுப் பள்ளிகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் கணக்குக்குத்தான். பாத்திரத்தின் சூடு, ஊற்றும்போது ஆறுவது எல்லாம் சேர்ந்து ஓரிரு டிகிரி மாறும். அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கொதித்து ஆறவைத்த குடிதண்ணீரை ஹாட்பாக்ஸில் முதலில் ஊற்றுங்கள், கொதித்த தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள், தெர்மாமீட்டர் 44 காட்டியதும் நிறுத்துங்கள். கலக்காமல் அளந்தால் அடியில் ஒரு சூடும் மேலே ஒரு சூடும் காட்டும்.

கெய்சர் தண்ணீரை நேராகப் பிடித்துத் துணி நனைப்பதும் வேண்டாம், அது 60 டிகிரியையும் தாண்டலாம். ஹீட்டர் ராடு போட்டுச் சுட வைக்கும் வீடுகளில், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தெர்மாமீட்டரோ கையோ தண்ணீருக்குள் போக வேண்டும்.

5. ஒத்தடம் கொடுக்கும் முறை

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண் மையை முழுக்கத் துடைத்துவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்கள் இமையின் உள் ஓரத்தில் மை தீட்டுவதையே விட்டுவிடுவது நல்லது, சுரப்பியின் வாய் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு துணியை ஹாட்பாக்ஸில் நனைய விட்டு மூடுங்கள். ஒன்றை எடுத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நான்காக மடித்து, முதலில் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஐந்து விநாடி வையுங்கள். பிறகு கன்னத்தில். இரண்டிலும் சுகமாக இருந்தால் மட்டும் மூடிய கண்மேல் வையுங்கள். ‘கொஞ்சம் சுடுது, பொறுத்துக்கலாம்’ என்று தோன்றினால் அது அதிகச் சூடு. பொறுத்துக்கொள்ள வேண்டிய வைத்தியம் இல்லை இது.

துணி ஓரிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மலையில் இன்னும் சீக்கிரம், அதனால் சன்னலைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். கண் பிரிவில் ஒரு நர்ஸ் அக்கா என்னிடம் சொன்னது: “துணி ஆறிப்போச்சுன்னா அப்புறம் அது ஒத்தடம் இல்லம்மா, முகம் துடைக்கிறதுதான்.” ஆறும் முன்பே முதல் துணியை ஹாட்பாக்ஸில் போட்டுவிட்டு இரண்டாவதை எடுங்கள். இப்படி மாற்றி மாற்றி மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம். நடுவில் ஒரு தடவை தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 40-க்குக் கீழே இறங்கியிருந்தால் கொஞ்சம் கொதிநீர் சேர்த்து, கலக்கி, மறுபடி அளந்துவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும். கண்ணில் துணியை வைத்துக்கொண்டே ஒரு கையால் கொதிநீர் ஊற்றுகிற வேலை வேண்டாம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களை ஊற்றச் சொல்லுங்கள்.

துணியைக் கண்மேல் வெறுமனே வையுங்கள், அமுக்காதீர்கள். சூடேறிய கருவிழி கொஞ்சம் இளகியிருக்கும். அப்போது அழுத்தினால், கசக்கினால் அதன் வடிவம் பாதிக்கப்படலாம். ஒத்தடம் முடிந்தவுடன் பார்வை லேசாக மங்கலாக இருக்கலாம், சில நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியும் வரை வண்டி எடுக்காதீர்கள், கத்தி பிடித்துக் காய் நறுக்காதீர்கள்.

ஒரு கண்ணில் பீளை அதிகமாக இருந்தால் அந்தத் துணியை அடுத்த கண்ணில் வைக்கக் கூடாது. வீட்டில் இரண்டு பேருக்கு இந்தத் தொந்தரவு இருந்தால் துணியும் தனித்தனி. செய்து முடித்ததும் துணிகளை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஏற்காட்டு மழைக்காலத்தில் துணி காயவே காயாது, ஈரத்தோடு அடுத்த வேளைக்கு எடுக்காதீர்கள். அதற்காகத்தான் நான்கு துணி சொன்னேன். தேவையானால் இஸ்திரி போட்டுக் காயவையுங்கள்.

6. அழுத்தி விடுவதும் துடைப்பதும்

சூடு இருக்கும்போதே, இமை ஆறுவதற்குள் செய்ய வேண்டும். மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும், சுத்தமான விரல் நுனியால், இமைமுடி ஓரத்தை நோக்கி மெதுவாக நீவுங்கள். ஒரு கண்ணுக்கு அரை நிமிடம் போதும். நீவுவது இமையை மட்டும், கண்விழியை அல்ல. நீவும்போது கண்ணுக்குள் வலித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். இரண்டாவது பகுதியில் சொன்னவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் இந்தப் படியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் இமை ஓரத்தைத் துடைப்பது. இதற்கென்று விற்கும் ஈரத் துடைப்பான்கள் (‘லிட் வைப்ஸ்’ என்று கேளுங்கள்) நல்லவை, ஒரு டப்பா 300 ரூபாய்க்கு மேல் ஆகும். முடியாதவர்கள் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், இமைமுடியின் வேர் ஓரமாக, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் துடைக்கலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கண்ணுக்குள் துடைக்க வேண்டாம்.

சொட்டு மருந்து எல்லாம் இதற்குப் பிறகுதான். இரண்டு சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசி. தலையில் பொடுகு இருந்தால் அதையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள், பொடுகு போகாமல் இமை சரியாவது கஷ்டம்.

7. இவை வேண்டாம்

நம் ஊரில் ஒத்தடத்துக்கு வழிகள் ஏராளம். முதுகுக்கும் மூட்டுக்கும் நல்லவையெல்லாம் இமைக்கு நல்லவை அல்ல.

உப்பு மூட்டை, தவிட்டு மூட்டை, சூடான செங்கல்: வாணலியில் வறுத்த உப்பு எவ்வளவு சூடு என்று யாருக்கும் தெரியாது. வெளித்துணி ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். வேகவைத்த முட்டையும் உருளைக்கிழங்கும் அதே கதைதான். வெற்றிலையை விளக்கில் வாட்டி விளக்கெண்ணெய் தடவி வைப்பது கண் கட்டிக்குப் பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. சூடான எண்ணெய் தண்ணீரைப் போலச் சட்டென்று ஆறாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். நாமக்கட்டி உரசிப் போடுவதால் சுடாது, ஆனால் காய்ந்து உதிரும் தூள் கண்ணுக்குள் விழுந்து உறுத்தும், அழற்சி உள்ள இமைக்கு அது இன்னொரு தொல்லை. தாய்ப்பால், தேன், மஞ்சள் தண்ணீர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

ஆவி பிடித்தல் தனியாகச் சொல்ல வேண்டும். போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்கார்ந்து முகம் முழுக்கக் காட்டுவதை ஒத்தடத்துக்குப் பதிலாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆவியின் சூட்டை அளக்க வழியே இல்லை, பாத்திரம் சாய்ந்தால் மடியெல்லாம் வெந்துவிடும். இமைக்காக அதைச் செய்யாதீர்கள்.

மைக்ரோவேவ் உள்ள வீடுகளில் ஈரத்துணியை அதில் சுட வைப்பது சுலபமாகத் தோன்றும். அது ஒரே சீராகச் சூடாக்காது, ஓரம் ஆறியிருக்க நடு மடிப்பில் ஆவி அடைந்து கிடக்கும். ஒத்தடத்துக்கென்றே விற்கும், சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய கண் மாஸ்க் இருந்தால், அதன் உறையில் எழுதியிருக்கும் விநாடியை உங்கள் மைக்ரோவேவின் வாட் அளவோடு ஒப்பிட்டு, குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒருமுறை சுட்ட மாஸ்க்கை உடனே மறுபடி சுட வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டோடு அடுத்த சூடும் சேர்ந்துகொள்ளும். ஜெல் மாஸ்க்கில் கசிவு இருந்தால் தூக்கிப் போடுங்கள். யூ.எஸ்.பி. ஒயரில் வேலை செய்யும் மாஸ்க் 600 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. சூட்டைக் குறைக்கும் பட்டனும், தானாக அணையும் வசதியும் இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். எதுவாக இருந்தாலும் மணிக்கட்டுச் சோதனை உண்டு.

என் கருத்தைக் கேட்டால், ஹாட்பாக்ஸும் தெர்மாமீட்டரும் இவை எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் எவ்வளவு சூடு என்பது ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்குத் தெரியும்.

8. எத்தனை நாள், எவ்வளவு செலவு

முதல் இரண்டு முதல் நான்கு வாரம் தினம் இரண்டு வேளை. குறைந்த பிறகு ஒரு வேளை, அதையும் நிறுத்தாமல். இது அடியோடு போகிற நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கிற நோய். நன்றாகிவிட்டது என்று விட்டால் திரும்ப வரும். காலை அவசரத்தில் செய்தால் சூட்டில் கவனம் தப்பும், அதனால் ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவில் செய்யுங்கள். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கும், வெள்ளிப் பட்டறையில் ஊதுகுழல் முன்னால் உட்காருகிறவர்களுக்கும் வேலை முடிந்து குளித்த பிறகு செய்வதுதான் பொருந்தும், பஞ்சும் புகையும் இமையிலிருந்து போயிருக்கும்.

தொடக்கச் செலவு, ஹாட்பாக்ஸ் வீட்டில் இருந்தால், தெர்மாமீட்டரோடு 400 ரூபாய்க்குள் முடியும். மாதாமாதம் வருவது சொட்டு மருந்துச் செலவுதான். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். திறந்த தேதியைப் புட்டியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

நான்கு வாரம் ஒழுங்காக, அளந்து செய்தும் மாற்றமே இல்லையென்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் திரும்பப் போங்கள், மாத்திரையோ வேறு சிகிச்சையோ தேவைப்படலாம். போகும்போது எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் செய்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அதைக் கேட்டதும் அவர் பேசுகிற விதமே மாறும், ‘ஒழுங்கா ஒத்தடம் குடுங்க’ என்ற அதே பதிலோடு திருப்பி அனுப்ப முடியாது.

9. சுட்டுவிட்டால்

துணியை உடனே எடுத்துவிட்டு, சுத்தமான, சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி இருபது நிமிடம் வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். பற்பசை, வெண்ணெய், மாவு, மை எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். இமை சிவந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால், தோல் முழுக்க ஆறும் வரை ஒத்தடத்தை நிறுத்தி வையுங்கள். கொப்புளம் வந்தாலோ, கண்ணுக்குள் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

10. ஒத்தடத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

இமை முழுதும் வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று, ஒத்தடத்தில் தீராது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, விழி முன்னால் தள்ளின மாதிரி இருக்கிறது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலி, தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவையும் அவசரம்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு இன்னும் அவசரம்.

அவசரம் இல்லாத, ஆனால் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கண் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தால், ஒரு கண்ணில் மட்டும் இமை அழற்சி மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால், ஒத்தடத்திலேயே காலம் கடத்தாதீர்கள். இமை எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இப்படித்தான் சாதுவாக ஆரம்பிக்கும். அந்த வகை நம் நாட்டில் மேல்நாடுகளைவிட அதிகம் காணப்படுகிறது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தாத்தா பாட்டி கேட்க மாட்டார்கள், அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் மேலே சொன்ன அவசர அறிகுறிகள் வந்தால் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, உடனே சேலத்துக்கு இறங்கப் பாருங்கள். மங்கலான கண்ணோடு இருபது கொண்டை ஊசி வளைவையும் நீங்களே வண்டி ஓட்டி இறங்காதீர்கள். பஸ்ஸோ தெரிந்தவர் வண்டியோ பாருங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் 108-க்குக் கூப்பிடுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்துப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், கீழே முதலில் கேட்பது அதைத்தான்.